வலது ஓரத்து வட்டம்

ஹாஃபிஸாவின் கண்காட்சிப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதித் தன் பெயரை ஒருதரமாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பது ஓவிய வாத்தியார் நாச்சிமுத்துவின் ஆசை. "ஞாயித்துக்கிழமை பேசுங்க சார், கேட்டுட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டாள். பேச வேண்டியது ஒரே ஒரு படத்தைப் பற்றி. அவளே மரக்கட்டையில் செதுக்கி மை தடவி எடுத்த அச்சு. முதல் பிரதியோடு கட்டை வெடித்துவிட்டதால் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

கொடைக்கானல் ஏரிக்கரையில், டீக்கடை மாடியிலிருந்த கண்காட்சி அறையில், திங்கட்கிழமை படத்தின் முன் நின்றபோது அவருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. இடப்பக்கம் காது மாதிரி ஒன்று, அதிலிருந்து இறங்கும் படிக்கட்டு, படிக்கட்டு முடிகிற இடத்தில் பாதிச் சீப்பு. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பூசணிக்காயும் கூஜாவும் வரையச் சொல்லிக்கொடுத்தவர் வேறென்ன செய்வார்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். அது மட்டும் நன்றாக வந்தது.

அப்போதுதான் வலது கீழ் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு சாம்பல் புள்ளி கண்ணில் பட்டது. புதனன்று அது பட்டாணி. வெள்ளிக்கிழமை ஒரு ரூபாய்க் காசு அளவு வட்டம், விளிம்பில் மெல்லிய இழைகள். நாச்சிமுத்து புல்லரித்துப்போனார். தேதி போட்டு, அளவு பிசகாமல் அதைத் திங்கள் முதலே நோட்டில் தினமும் வரைந்தார். 'பார்க்கப் பார்க்க உருவம் வளர்கிறது' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஹாஃபிஸா. நாச்சிமுத்து வட்டத்தைக் காட்டிப் பேசினார்.

"எடது பக்கத்துக் கனத்தை எல்லாம் தாங்கிக்கிட்டு நிக்கிறது இந்த வட்டம்தாங்க. இதை எடுத்துட்டா படமே சாஞ்சிரும். கனவுல வர்ற நெலா இது."

கைதட்டினார்கள். ஹாஃபிஸா எழுந்து படத்தின் சட்டத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாள்.

"நான் வட்டமே போடலைங்க சார்."

கீழே டீக்கடை வைத்திருக்கும் பாவாவும் வந்து குனிந்து பார்த்தார். "பூஞ்சைங்க. உள்ள ஈரம் எறங்கிக் கெடக்கு. எங்க நிக்காஹ் போட்டோவும் இப்படித்தான் போச்சு."

பூஞ்சைக்குப் பயந்து பீரோவுக்குள் நாற்பது வாட் பல்பை எரியவிட்டிருக்கிறவர் நாச்சிமுத்து. "செருப்புல பூத்தா பூஞ்சைன்னு தெரியுது, சட்டத்துக்குள்ள பூத்தா நெலாங்கிறேன்" என்று பின்னால் அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஹாஃபிஸா நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"திங்கக்கிழமையே பாத்துருக்கீங்க சார். மிளகு அளவுல இருக்கையிலயே வெரசா கழட்டிக் காய வச்சிருந்தா தப்பிச்சிருக்கும். ஒரு போன் போட்டுருக்கலாம்ல."

அவள் நோட்டின் பக்கங்களை விரலால் தட்டிச் சொன்னாள்:

"படம் கெட்டது எப்படின்னும் புத்தகத்துல போட்டுத்தான் ஆகணும். இந்தப் பக்கங்களைக் குடுங்க. வரைஞ்சது யாருன்னு உங்க பேரைப் போட்டுருவேன்."

வேண்டாம் என்று சொல்ல நாச்சிமுத்துவுக்கு வாய் வரவில்லை. அவர் ஆசைப்பட்டதும் அதுதானே.