மூன்றாவது மேடு

கனோயே காலையிலிருந்து ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை. ஹீலோ நகரத்து மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. மத்தியானம் பெட்டி திறக்கிறார்கள்.

பெட்டி என்பது பேச்சுக்குத்தான். ஒரே அளவீட்டின் மூன்று பிரதிகளை, குழுவில் மூத்தவளான மைர்னா அவளிடம் கொடுத்திருந்தாள். ஒன்று நிஜம், மற்ற இரண்டிலும் எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் குறைத்திருந்தாள். எது நிஜம் என்பது மைர்னாவுக்கு மட்டுமே தெரியும். பிடித்த விடைக்காக யாரும் கணக்கை வளைத்துவிடக் கூடாது என்று இந்த ஏற்பாடு. திறந்தபின் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

மோதிக்கொண்ட இரண்டு கேலக்ஸிக் கொத்துகளில் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடுவது கனோயேயின் வேலை. அதன் ஈர்ப்பு, வெகு பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் உருவத்தை லேசாக நெளிக்கும். ஆயிரக்கணக்கானவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நெளிவு பிடிபடும். பொருள் குவிந்த இடம் வரைபடத்தில் மேடாகத் தெரியும்; இரண்டு கொத்துக்கு இரண்டு மேடு வரவேண்டும். அவளுக்கு மூன்று வந்தது. மூன்றாவது மேட்டில் கேலக்ஸியும் இல்லை, வாயுவும் இல்லை. இரண்டாம் பிரதியில் அது மலைபோல் நின்றது. ஜூனில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. மேடு நிஜமென்றால் அடுத்த வேலை தேடி வரும்.

சும்மா இருக்க முடியாமல்தான் முன்பு செய்த ஒரு சோதனையை மறுபடி செய்தாள். ஒவ்வொரு கேலக்ஸியின் உருவத்தையும் நாற்பத்தைந்து டிகிரி திருப்பிப் படம் போட்டால், நிஜமான மேடு மறைந்துவிடும். மறையாமல் மிஞ்சுவது நம் பிழை. முழுப் படத்துக்கும் முன்பே செய்து தேறியிருந்தாள். இப்போது மூன்றாவது மேட்டுக்கு மட்டும் செய்தாள்.

அங்கே பாதி மிஞ்சியது.

பக்கத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம். அதன் ஒளி படாமலிருக்க ஒரு வட்டம் போட்டு, உள்ளே இருப்பதை ஒதுக்கியிருந்தாள். நிறைய கேலக்ஸி வேண்டுமென்ற ஆசையில் வட்டத்தைச் சின்னதாகப் போட்டிருந்தாள். நட்சத்திரத்தின் ஒளிக்கீற்று வட்டத்துக்கு வெளியே நீண்டு, அங்கிருந்த கேலக்ஸிகளை இழுத்துக் காட்டியிருந்தது.

குழுத் தலைவர் வெண்டலின் அறைக்கு ஓடினாள்.

"அங்கிள், இன்னைக்குத் திறக்க வேண்டாம்."

"ஏன், பயந்துட்டியா?"

"வட்டம் சின்னதாப் போட்டுட்டேன்."

அவர் படத்தைப் பார்த்து மோவாயைச் சொறிந்தார். "திறந்துடலாம்மா. சந்தேகம் இருக்குன்னு கட்டுரையில ஒரு வரி எழுதிக்கலாம்."

"அந்த ஒரு வரிய எவன் படிப்பான்? மேட்டத்தான் பாப்பாங்க."

"பாக்கட்டுமே. உனக்குத்தான நல்லது?"

"நாளைக்கு வேற ஒருத்தன் இதே சோதனைய செஞ்சா? அப்போ என் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?"

மைர்னா வைமேயா ஊரிலிருந்து நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். கையில் மலசாடா என்ற, எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டைகள் நிறைந்த டப்பா. விஷயத்தைக் கேட்டதும் டப்பாவை மூடினாள்.

"திறக்காம இனிப்பு கிடையாது. போ, வட்டத்தப் பெருசாக்கிக் கணக்கப் போடு. மூணு பிரதிக்கும் ஒரே வட்டம், ஞாபகம் வச்சுக்க."

"பசிக்குது ஆன்ட்டி."

"அப்போ சீக்கிரம் போடு."

கணினி ஓடியது. கனோயே நகத்தைக் கடித்தபடி நடந்தாள். வெண்டல், "தரை தேயப்போகுது, உக்காரு" என்றார். அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் படம் வந்தது. இரண்டு மேடும் அசையாமல் நின்றன. மூன்றாவது, எந்தப் பிரதியிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. லேசான வீக்கம், அவ்வளவுதான்.

"இப்போ திறங்க" என்றாள்.

மைர்னா திறந்தாள். நிஜப் பிரதி இரண்டாவதுதான். மலைபோல் நின்ற அதே பிரதி. மத்தியானமே திறந்திருந்தால் இந்நேரம் ஊருக்கெல்லாம் சேதி போயிருக்கும்.

கனோயே விசைப்பலகைக்குக் கை நீட்டினாள். "அந்த வீக்கம்... வட்டத்த இன்னும் கொஞ்சம் மாத்திப் பாத்தா..."

மைர்னா அவள் கையைத் தட்டிவிட்டாள். "தொடாத. பெட்டி திறந்தாச்சு."

"அது நிஜமா இல்லையான்னு எப்படித் தெரியும் ஆன்ட்டி?"

"இந்தப் படத்துல தெரியாது."

"அப்போ அந்தக் கீற்று வேற பக்கம் விழற மாதிரி கேமராவத் திருப்பிப் புதுசா எடுக்கணும்."

"தொலைநோக்கிய உனக்கு யார் குடுப்பா? ஜூன்ல நீயே இருக்க மாட்ட" என்றார் வெண்டல்.

"உங்க பேர்ல கேளுங்க அங்கிள். விண்ணப்பத்த நான் எழுதித் தரேன்."

அவர் பதில் சொல்லுமுன் அவள் எழுத ஆரம்பித்திருந்தாள், நின்றுகொண்டே.