சகாயமேரி தைத்த தோள்கவசம்

ரோமைச் சேவகர்கள் மழையில் கரைந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மைசூரில் எங்கள் கோயிலைச் சேர்ந்த அத்தனை பேரும் பார்த்தோம். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பெரிய வெள்ளிக்கிழமை, கோயில் மைதானத்தில் பாஸ்கு நாடகம். சேசுநாதரைச் சிலுவையில் ஏற்றும் நேரம் பார்த்துக் கோடைமழை கொட்டியது. சேவகர்களின் கவசமெல்லாம் அட்டையில் வெட்டி ஜிகினாத்தாள் ஒட்டியது. நனைந்து, தொங்கி, துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. தலைமைச் சேவகராக நடித்த குழந்தைசாமி அண்ணனின் தொந்தி வெளியே வந்து எட்டிப் பார்த்தது. ஆண்டவர் உயிரை விடுகிறார், ஜனங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சகாயமேரியும் சிரித்தாள். அதற்குத் தனிக் கோபம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் சொல்லிவிட்டார். இனிமேல் அட்டை கிடையாது, கவசம் எல்லாம் தோலில்தான் என்று. சொல்லும்போதே அவர் பார்வை சகாயமேரி பக்கம் திரும்பியது. திரும்பாமல் எங்கே போகும்? அவளுடைய அப்பா அரண்மனைக் குதிரை லாயத்தில் சேணம் தைத்தவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவள் இவள். கல்யாணமாகி வரும்போது பித்தளைக் குடத்தோடு குத்தூசியும் கொண்டுவந்தாள். ஊரில் பாதி ஜட்காக் குதிரைகள் அவள் தைத்த வாரைப் போட்டுக்கொண்டுதான் ஓடின. "மின்சார ஆபீஸ் குமாஸ்தா வீட்டுல இப்படியா தோல் நாறும்?" என்று ஒருத்தி கேட்டாள். "மூக்கை உங்க வீட்டிலேயே வச்சிட்டு வாங்க" என்று அனுப்பினேன். நான் அப்படித்தான். நறுக்கென்று சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

சாமியார் ஒரு படம் கொடுத்திருந்தார், ரோமைச் சேவகன் ஈட்டியோடு நிற்கிற படம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "நிக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. இதைப் போட்டுக்கிட்டு குனிஞ்சா கழுத்து அறுந்துடும்." ஆக, படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தாள். யார் எப்படி நடக்கிறான், யாருக்கு எந்தத் தோள் இறக்கம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆயிற்று.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வேலை தொடங்கியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் வந்து இறங்கியது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு கை பொறுக்காத வெந்நீரில் முக்கி எடுத்து, சூட்டோடு சூடாக அச்சின்மேல் போர்த்தி அமுக்க வேண்டும். காய்ந்தால் பலகைபோல் இறுகிவிடும். வெந்நீர் கொஞ்சம் மிஞ்சினாலும் போச்சு. முதல் துண்டு அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. அவள் அசரவில்லை. தலைக்கவசத்துக்கு என் மாமியார் கொடுத்த பித்தளைக் குடம்தான் அச்சு. மார்க்கவசத்துக்குக் கொல்லையில் இருந்த நெல் பானை. குழந்தைசாமி அண்ணனுக்கு மட்டும் பானை போதவில்லை, அவரையே கொல்லையில் நிறுத்தி வைத்து ஈரத்தோலை அமுக்கினாள். கொம்புக் கரண்டியின் காம்பால் தேய்த்துத் தேய்த்து மார்ச்சதையும் விலா வரியும் எழுப்பினாள். எழும்ப எழும்ப அந்தத் தொந்திக்காரரின் மேல் ஒரு மல்யுத்த வீரன் வந்து உட்கார்ந்தான். விளக்குக் கரியையும் தேன்மெழுகையும் கலந்து பூசி, துணியால் தேய்த்து வெயிலில் வைத்தாள் பாருங்கள், அடடா! சுவரோரம் வரிசையாக ஒரு படையே உட்கார்ந்திருந்தது. பால்காரி சித்தம்மா படலைத் திறந்தவள், "அய்யோ தேவ்ரே, சிப்பாயிகளு!" என்று செம்பைக் கீழே போட்டாள். பால் போனதற்கு நான் கோபப்படவே இல்லை, நம்புங்கள். அவ்வளவு பெருமை எனக்கு.

இவ்வளவு நேரம் சந்தோஷமாகச் சொன்னேன். இனிமேல் என் விஷயம்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மைசூரில் பிளேக் வந்த காலத்தில் பிழைத்தவர்கள் ஏற்படுத்தியது. உயிர்பிழைத்தவன் யாரானாலும் நேர்ச்சை பண்ணிக்கொண்டு பாஸ்குவில் சேசுநாதராக நிற்கலாம். ஆனால் கற்றூணில் கட்டி அடிக்கும்போது விழுகிற அடி நிஜ அடி. வேஷத்துக்கு அடிப்பது பாவம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். நேர்ச்சைக்காரர்களின் பெயரை, நோன்புக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் அன்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள்.

நான் காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன். மருந்துக்கு அடங்கவில்லை என்று முதுகுப் பக்கமாகத் திறந்து, இடது விலா எலும்புகளில் சிலவற்றை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் கையை வைத்தால் தோலுக்கு அடியில் மூச்சுதான் இருக்கும், எலும்பு இருக்காது. அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நேர்ந்துகொண்டேன். பிழைத்தேன். சீட்டில் அந்த வருஷம் என் பெயர் வந்தது.

என் தங்கை ஜூடித் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேள்விப்பட்டதும் யூனிபாரத்தோடே ஓடிவந்தாள். "அண்ணா, உனக்குப் புத்தி இருக்கா? அந்த இடத்துல ஒரு அடி பலமா விழுந்தா நேரா நுரையீரல்தான். ரத்தமா கக்குவே. சாமியார்கிட்ட நான் போய்ச் சொல்றேன்."

"சொன்னா உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்" என்றேன்.

"அடிக்கிறது யாருன்னு தெரியுமில்ல? குழந்தைசாமி அண்ணன்!"

தெரியாமல் என்ன. குழந்தைசாமி அண்ணன் கௌதள்ளி கிராமத்துக்காரர், அக்ரஹாரத்தில் ஜட்கா ஓட்டுகிறவர். சவுக்குக் கை. தங்கமான மனுஷன், ஆனால் பக்தி வந்துவிட்டால் ஆளே வேறு. மெதுவாக அடித்தால் ஆண்டவரை ஏமாற்றிய பாவம் தன் தலையில் விழும் என்று நம்புகிறவர். போன வருஷம் அவரிடம் அடி வாங்கியவன் ஈஸ்டர் முழுக்கக் குப்புறப் படுத்திருந்தான்.

சகாயமேரி மட்டும் தோலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு நாள் கழித்து என் முன்னால் ஒன்றை விரித்தாள். மெல்லிய ஆட்டுத்தோல், உள்ளே இன்னொரு தடித்த தோல், என் முதுகின் நிறத்துக்கே சாயம் ஏற்றியிருந்தாள். நாலடி தள்ளி நின்றால் மனுஷத் தோல் என்று சத்தியம் பண்ணலாம். முதுகெலும்பின் பள்ளம்கூட இருந்தது. என்ன வேலைப்பாடு! விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தேன், மனசு இளகிவிடும் போலிருந்தது. அதனால் இன்னும் அதிகமாகக் கத்தினேன்.

"கடவுளை ஏமாத்தச் சொல்றியா? அந்தக் கட்டில்ல கெடந்து கெஞ்சினவன் நான். வாங்கின உயிருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்க வேணாமா? என் மேல ஒரு நூல் போட மாட்டேன், வெறும் முதுகோடதான் நிப்பேன். உனக்குக் கோபம் வந்தா வரட்டும், போ!"

கத்தி முடித்து நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். "சரி" என்றாள். அவ்வளவுதான். அழுவாள், சாப்பிடமாட்டாள், அம்மா வீட்டுக்குப் போவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு என் மூச்சை எண்ணுகிறாள் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

பாக்கி இருந்தது தோள்கவசம்தான். அதற்கு அவள் பட்ட பாடு மற்ற எல்லாவற்றையும் மிஞ்சியது. தோல் பட்டைகளை மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பித்தளை ஆணி அடித்துக் கோத்தாள். அடிக்கிற சேவகர்களை மட்டும் திரும்பத் திரும்ப வரவழைத்து அளவெடுத்தாள். தோல் ஈரமாக இருக்கும்போதே போட்டுவிட்டு, "அண்ணா, கையைத் தொங்கவிட்டு நில்லுங்க. இப்ப தூக்குங்க. இறுக்குதா?" என்று கேட்டாள்.

"வெண்ணெய் மாதிரி இருக்குது, தங்கச்சி" என்று குழந்தைசாமி அண்ணன் கையை வானத்துக்கு வீசிக் காட்டினார். "ராஜா கணக்கா இருக்கறேன் போ!"

அதன்பிறகு அதைக் காயவைத்து, கழுத்துப்பட்டையைச் சேர்த்துத் தைத்து, கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். கவசங்களைப் பீடத்தின்முன் வைத்து மந்திரித்த பிறகு, பெரிய வெள்ளியன்று மத்தியானம்தான் எடுத்துப் போடவேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. ஒத்திகையெல்லாம் வேஷ்டி பனியனோடுதான்.

அந்த நாளும் வந்தது. ஒருசந்தி இருந்து, கஞ்சிகூடக் குடிக்காமல் நின்றேன். சேவகர்கள் மைதானத்தில் இறங்கியபோது ஜனங்களிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, தேர் நகரும்போது வருமே, அந்தச் சத்தம். சாயங்கால வெயில் கறுத்த தோலில் விழுந்து பளபளத்தது. தலையில் குதிரைவால் குஞ்சம் ஆடியது. போன வருஷம் சிரித்த வாயெல்லாம் திறந்தபடி நின்றன. வழியோடு போன கன்னடக்காரர்கள் வேலிமேல் ஏறி, "நோடு நோடு, நிஜவாத சிப்பாயி!" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். கைகளைக் கட்டி இழுத்துப்போகப்பட்ட நான், பிலாத்து முன்னால் நிற்கவேண்டிய துக்கத்தை மறந்து, 'என் பெண்டாட்டி செய்தது, என் பெண்டாட்டி செய்தது' என்று மனசுக்குள் கூவிக்கொண்டிருந்தேன்.

கற்றூணில் கட்டினார்கள். மேல்துணியை உருவினார்கள். வெறும் முதுகில் காற்று பட்டதும் பயம் வந்துவிட்டது. பொய் சொல்லமாட்டேன். ஜூடித் கூட்டத்தில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

வார் சுழலும் சத்தம் கேட்டது. என் தொடையில் சுரீரென்று பட்டது. அடுத்தது கெண்டைக்காலில். அதற்கடுத்தது தூணில். பின்னால் குழந்தைசாமி அண்ணன் முக்குகிறார், முனகுகிறார், தோல் கிரீச் கிரீச் என்கிறது. என் முதுகுக்கு ஒன்றும் வரவில்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம்! பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓங்கி அடிங்கண்ணா! முதுகுல!" என்றேன்.

"கை மேல வரமாட்டேங்குதுடா, மதலைமுத்து" என்று காதோரம் அழுகிற குரல். "நெஞ்சு வரைக்கும் வருது, அதுக்கு மேல யாரோ பிடிச்சிக்கறாங்கடா!"

எனக்கு விளங்கிவிட்டது. ஈரத்தில் வெண்ணெயாக இருந்த தோல் காய்ந்து இறுகியிருக்கிறது. தோள்பட்டை உயரப் போனால் கழுத்துப்பட்டையில் போய் முட்டும். ஈட்டி பிடிக்கலாம், வாள் உருவலாம், நெஞ்சில் கைவைத்து வணக்கம் போடலாம். ஒருத்தன் முதுகுமேல் கையை ஓங்க மட்டும் முடியாது. அடிக்கிற சேவகர்கள் எல்லோரும் அதே கதிதான், கையை வைத்துக்கொண்டு தவித்தார்கள்.

தலையைத் திருப்பிக் கூட்டத்தில் அவளைத் தேடினேன், எரித்துவிடுகிற மாதிரி பார்க்கலாம் என்று. முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அவள் செய்த கவசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் முதுகை, அந்த எலும்பில்லாத இடத்தை, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது, ராத்திரியில் என் மூச்சை எண்ணுவதுபோல. நான் தூணைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அடி தாங்காமல் அழுகிறேன் என்று மைதானமே சேர்ந்து அழுதது.

குழந்தைசாமி அண்ணன் வாரைக் கீழே போட்டார். "ஆண்டவரே, என் கையைப் பிடிச்சிட்டீரே!" என்று அலறிக்கொண்டு என் காலில் விழுந்தார். நாடகத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது. சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அண்ணன் குதிரையைக்கூட அடிப்பதில்லை. அவரிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரைக் கேட்டுச் செஞ்சே? என் நேர்ச்சையைக் கெடுத்துட்டியே, பாவி! நான் என்ன சின்னப் பிள்ளையா? ஊரே கும்பிடுது, எனக்கு மானம் போகுது! நாளைக்குச் சாமி முகத்துல எப்படி முழிப்பேன்? வாயைத் திறந்து பதில் சொல்லு!"

"காலுல பட்டுச்சே, அது பத்தாதா சாமிக்கு?"

"பேசாதே! பேசினா என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது! உன்னைக் கட்டிக்கிட்டு..."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது, முகம் சிரிக்கிறது. என்ன ஜன்மம் இது என்று எனக்குப் புரியவில்லை. "எதுக்குடி சிரிக்கிறே?" என்று வீடு அதிரக் கேட்டேன்.

"திட்டுங்க" என்றாள். "இன்னும் நல்லா திட்டுங்க. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுக்கப்புறம் இன்னைக்குத்தான் நீங்க மூச்சு வாங்காம கத்துறீங்க."