மூன்றாவது தட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை. சின்ன காஞ்சிபுரத்தில் கிருஷ்ணஸ்வாமி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று மனைவி ஹேமாம்புஜம் கேட்டதும் சொன்னார்:

"முதல் இட்லி பசிக்கு. ரெண்டாவது ருசிக்கு. மூணாவது, நீ கோவிச்சுக்கப் போறியேன்னு."

"அதுக்கென்ன, நாளைக்கு மூணாவதை முதல்ல போடறேன். அதையே அமிர்தம்பேள்!"

இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஸிந்துஜா சிரிக்கவில்லை. கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா. ஸிந்துஜா ஒரு கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் நடத்துகிறவள். எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் வந்த எண்ணிக்கைக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்கிற கை-ஸ்கொயர் சோதனையை, விடுதிப் பிள்ளைகளுக்குக் காபியா டீயா என்று தலை எண்ண வைத்து எப்படியோ கரையேற்றிவிட்டாள். அடுத்து வந்தது அனோவா. மூன்று கூட்டத்தின் சராசரிகள் நிஜமாகவே வேறு வேறா, இல்லை ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் இருக்கிற சாதாரண ஏற்ற இறக்கம்தான் அப்படிக் கண்ணுக்குக் காட்டுகிறதா என்று பார்க்கிற கணக்கு. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

கேன்டீனுக்கு மூன்று பெண்கள் இட்லி போடுகிறார்களே, அதையே கணக்காக்குவோம் என்று அவளுக்குத் தோன்றியது. பெயரை மறைத்து மூன்று தட்டு வைத்தாள். பதினோரு மணிப் பசியில் வகுப்பே வரிசையாக வந்து தின்று மதிப்பெண் போட்டது. முதல் இரண்டு தட்டும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. மூன்றாவது பள்ளத்தில் கிடந்தது. கணக்குப் போட்டால், தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வித்தியாசம். பிள்ளைகள் கைதட்டினார்கள். சேதி முதல்வர் காதுக்குப் போய், "கணக்கே சொல்லிடுச்சே!" என்று மூன்றாவது தட்டுக்காரியை அவர் நிறுத்தச் சொன்னபோது, ஸிந்துஜா பெருமையில் பேசாமல் இருந்துவிட்டாள்.

இப்போது அப்பாவின் கேலி அவள் நெஞ்சில் தைத்தது. எல்லாப் பிள்ளையும் ஒன்று, இரண்டு, மூன்று என்ற ஒரே வரிசையில்தானே தின்றது? மூன்றாவது தட்டுக்கு வரும்போது வயிறு நிறைந்திருக்கும், இட்லியும் ஆறியிருக்கும். அதோடு, தனித்தனி ஆட்கள் வேண்டிய கணக்கில் ஒரே வாய் மூன்றையும் தின்றிருக்கிறது. வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும்தான் அந்த எண் சொல்லும். ஏன் என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் இவள்.

கையைக் கழுவிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குப் போனாள். அந்த மூன்றாவது தட்டுக்காரி ஏலவார்குழலி வீடு அங்கேதான். வாசலில் தனியாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"குழலிக்கா, உங்க இட்லியில குறையில்ல. நான் வெச்ச முறை தப்பு. நாளைக்கே முதல்வர்கிட்ட சொல்லிடறேன்" என்று ஸிந்துஜா எல்லாவற்றையும் கொட்டினாள்.

குழலி கீரையைக் கீழே வைத்தாள்.

"மாவு அரைக்கிறது என் மருமவ துர்கா. 'கணக்குப் போட்டே கண்டுபுடிச்சிட்டாங்கடி, உன் கையே வெளங்காத கை'ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டேன். தென்னேரிக்கு, அம்மா வீட்டுக்குப் போனவ வரல. என் புள்ளையும் என்கிட்ட பேசறதில்ல. இப்ப வந்து தப்புன்றியேமா!"

ஸிந்துஜா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாத. கெளம்பு, நானும் வரேன். என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லு."

தென்னேரியில், ஏரிக்கரை ஓரத்து வீட்டில், துர்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"சரி டீச்சர், கணக்கு தப்புன்னு ஒத்துக்கினீங்க. ஆனா வெளங்காத கைன்னு கணக்கு சொல்லலியே. அதச் சொன்ன வாய் எது?"

குழலி முந்தானையை முறுக்கினாள். "இந்த வாய்தான்டி. சொல்லியிருக்கக் கூடாது."

துர்கா கடைசித் துணியையும் உதறிப் போட்டாள். "வரேன் அத்த. ஆனா இன்னிக்கு இல்ல. இன்னிக்கு வந்தா டீச்சர் கூட்டியாந்துதான் வந்தேன்னு ஆயிடும்."

ஸிந்துஜாவும் குழலியும் திரும்பினார்கள். எண்ணை மாற்றி எழுதிவிடலாம்; அந்தப் பெண் நாலு பேர் முன்னால் நின்ற நிலையை எந்தத் திருத்தம் மாற்றும் என்று ஸிந்துஜா வழியெல்லாம் குமைந்தாள்.

ஆட்டோவில் குழலி கேட்டாள். "மறுபடி தட்டு வெப்பியா?"

"வெப்பேன்க்கா. ஒவ்வொரு புள்ளைக்கும் சீட்டுக் குலுக்கி வேற வேற வரிசை. ஒரே வாய் மூணையும் திங்கறதுக்கு ஏத்த வேற கணக்கு."

"அப்பவும் நான்தான் கடைசின்னு வந்துட்டா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. பொய் சொல்லி இந்த அம்மாளை இன்னொரு தரம் ஏமாற்ற ஸிந்துஜாவுக்கு மனம் வரவில்லை. "வந்தாலும் வரலாம்க்கா."

குழலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வந்தா வரட்டும். ஆனா அன்னிக்கு மாதிரி போன்ல யாரோ சொல்லி நான் கேக்கக் கூடாது. நீயே வா. என் மூஞ்சப் பார்த்துச் சொல்லு."

"வரேன்க்கா."

"மருமவ இருக்கும்போது வா" என்றாள் குழலி.