ஈரம் காயும் முன்

அப்பா புரட்டாசிக் கடைசியில் செத்துப்போனார். அதுவும் மழை வெறித்து, கரிசல் கால் வைக்கிற பதத்துக்கு வந்த அன்று காலையில். வேறெந்த மாதத்தில் போயிருந்தாலும் ஊருக்கு இந்தச் சங்கடம் வந்திருக்காது.

கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர், முழுக்க மானாவாரி. ஊரில் பிணம் கிடந்தால் யாரும் விதைக்க இறங்க மாட்டார்கள். கரிசலிலோ விதைப்புப் பதம் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். தவறவிட்டால் அடுத்த மழைக்கு வானத்தைப் பார்த்துக் கிடக்க வேண்டும்.

தம்பி செல்வகணேஷ் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். “அக்கா, மொகத்தப் பாக்காம எடுத்துராதிய. நாளக்கழிச்சு வந்துருதேன்” என்று போனில் அழுதான். சரி என்றேன். வேறென்ன சொல்ல? அறுபத்தைந்து பாகிஸ்தான் போரில் அப்பா எல்லையில் நின்றபோது அவரைப் பெற்றவள் செத்தாள். அவர் வந்து சேர்வதற்குள் கருமாதியே முடிந்துவிட்டது. அந்தக் குறையை எண்பத்திரண்டு வயது வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சண்டையைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். எழுபத்தொன்றில் இடது தோளில் குண்டுச் சிதறல் பாய்ந்து, கை பாதிக்கு மேல் தூக்க வராது. எப்படிப் பட்டது என்று கேட்டால், “போடி, ஆட்டுக்குத் தண்ணி காட்டு” என்பார். பென்ஷன் வந்தது, சும்மா உட்கார்ந்திருக்கலாம். மாயகிருஷ்ணன் என்கிற எங்கப்பாவுக்கு அது ஆகாது. பகலில் காட்டு வெள்ளாமை, ராத்திரி நூல் மில்லில் வாட்ச்மேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு மேட்டுக்காட்டைத் தனியாளாகக் கொத்திச் சமப்படுத்தினார். போன வருடம்கூட வரப்பில் நின்று டிராக்டர்காரனை ஏசிக்கொண்டிருந்தார். எனக்கும் இந்த வாய் அவரிடமிருந்துதான் வந்தது.

முன்னாள் படைவீரர் சங்கத்தார் வந்து மாலை போட்டு, சல்யூட் அடித்துப் போனார்கள். ஊர் பந்தலில் உட்கார்ந்திருந்தது. விதைப்பைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. கண்ணெல்லாம் ஏறுகிற வெயிலில்தான் இருந்தது. எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது. தம்பிக்காகக் காத்திருந்தால் ஊர் வெள்ளாமை போச்சு. இன்றே எடுத்தால் தம்பி ஆயுசுக்கும் என்னை மன்னிக்க மாட்டான்.

பக்கத்துக் காட்டுக்காரர் பிச்சையா சித்தப்பாவிடம் போனேன். “நீங்க போயி வெதைங்க சித்தப்பா. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்.”

“கூறுகெட்டவளே, அண்ணாச்சி ஐஸ்பெட்டியில கெடக்காவ. நான் போயி வெதைக்கவா?”

“அப்ப பதம் போயிருமே?”

“போனாப் போவுது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன வருடமும் அவருக்கு ஒன்றும் விளையவில்லை.

தலைமாட்டில் இருந்த அம்மா வெள்ளைத்தாய் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போனாள். ஓலைப்பெட்டி நிறைய விதைக்கம்பை அள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். ஒப்பாரி அப்படியே நின்றது. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து பின்னால் ஓடினேன்.

சித்தப்பா மறித்தார். “மதினி, அண்ணாச்சிய விட்டுட்டு எங்கன போறிய?”

“எழுவத்தொண்ணுல சண்டை வருதுன்னு இவிய எல்லைக்குப் போயிருந்தாவ. ரெண்டு மாசமா காயிதம் இல்ல. இருக்காவளா செத்தாவளான்னே தெரியாது. ஈரம் காயுதுன்னு நாந்தான் வெதச்சேன். அன்னைக்கு யாரும் மறிக்கலயே கொழுந்தனாரே?”

“அதும் இதும் ஒண்ணா மதினி?”

“எனக்கு ஒண்ணுதான்.”

எங்கள் காட்டில் இறங்கி அம்மா விதையை வீசினாள். வெறுங்காலில் கரிசல் அப்பியது. அழுதுகொண்டேதான் வீசினாள், சத்தமில்லாமல். சித்தப்பா வரப்பில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். எழவு வீட்டுக்காரியே விதைத்த பிறகு ஊருக்கு என்ன தடை?

“ஏலே மணிராஜ், டிராக்டர எடுலே” என்று மகனுக்குக் குரல் கொடுத்தார்.

பொழுது சாயும்வரை ஊர்க்காடெங்கும் டிராக்டர் சத்தம் கேட்டது. இனி தம்பி வரும்வரை அப்பாவை வைத்திருப்பதில் யாருக்கும் பொல்லாப்பில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அம்மா காலைக்கூடக் கழுவாமல் வந்து பெட்டியருகே உட்கார்ந்தாள். கண்ணாடி மேல் கை வைத்தாள்.

“வெதச்சிட்டேன். அன்னைக்கு வெளஞ்சதப் பாக்க வந்து சேந்திய. இந்த வெள்ளாமையப் பாக்க எப்ப வருவிய?” என்று கேட்டுவிட்டு, வாய்விட்டு அழத் தொடங்கினாள்.