லூர்துராஜ் மூச்சு வாங்கும் இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாடகன் லூர்துராஜைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். டிரம்ஸ் அடிக்கிற உத்திராபதி அதில் ஒரே ஒரு வரியில் வந்தான்: ‘பின்னால் ஒருவன் அடித்துக்கொண்டிருந்தான்.’ முடித்துவிட்டுப் படித்தால் கதை சவசவ என்றிருந்தது. அந்த ஒரு வரியில்தான் கொஞ்சம் உயிர் இருந்தது. அட கிரகமே என்று மிச்சத்தைக் கிழித்துப் போட்டேன்.

2

எண்பத்து மூன்றாம் வருடம். அரியலூர் மேடையில் விளக்குகள் பளபளவென்று

(வேண்டாம். மேடையை வர்ணித்தால் மறுபடி லூர்துராஜ்தான் முன்னால் வந்து நிற்பான்.)

அய்யாக்கண்ணு நடத்திய ஆர்கெஸ்ட்ராவில் இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். லூர்துராஜுக்குப் பகலில் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. தூசி நெஞ்சில் இறங்கி, நீளமான வரிகளைப் பாதியில் விட்டு மூச்சு வாங்க ஆரம்பித்தான். பின்னால் இருக்கும் உத்திராபதிக்கு முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடும். லூர்துராஜின் தோள் லேசாக உயர்ந்தால் இவன் குச்சி இறங்கும். தடதடவென்று ஓர் உருட்டு, சிம்பல் தட்டில் ஒரு வீச்சு. அது அடங்குவதற்குள் லூர்துராஜ் அடுத்த வார்த்தையைப் பிடித்துவிடுவான். கூட்டம் கைதட்டும், லூர்துராஜுக்கு.

(இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேச வைத்து ஒரு பக்கம் எழுதினேன். பொய்யாக இருந்தது.)

3

வேப்பந்தட்டைத் திருவிழாக் கச்சேரிக்கு மறுநாள், டீக்கடையில் அய்யாக்கண்ணு பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா உத்திராபதி, பாட்ட அமுக்கிப்புட்டு என்னா வித்த காட்டுற? ஊர்க்காரங்க காறித் துப்புறாங்க.”

“இனிமே பாத்து அடிக்கிறேண்ணே.”

“ஒண்ணும் வேணாம். மீன்சுருட்டிக் கச்சேரிக்குக் குரும்பலூர்க்காரன் ஒருத்தன் வரான். அவன் சொன்ன அளவுக்கு அடிச்சுட்டுப் போவான்.”

உண்மையைச் சொன்னால் லூர்துராஜின் பாட்டு போகும். சொல்லாவிட்டால் தன் இடம் போகும். உத்திராபதி பக்கத்து பெஞ்சில் இருந்த லூர்துராஜைப் பார்த்தான். லூர்துராஜ் டீயை ஊதிக்கொண்டிருந்தான். அந்த டீ எப்போதோ ஆறிவிட்டது.

“சரிண்ணே” என்று உத்திராபதி எழுந்துகொண்டான்.

(எனக்குத்தான் பொறுக்கவில்லை. லூர்துராஜை அயோக்கியன் என்று எழுதினேன். குவாரியை மறக்க அவனுக்குப் பாட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அந்த வரியை அடித்துவிட்டேன். இன்னும் கோபம் தீரவில்லை.)

4

மீன்சுருட்டியில் உத்திராபதி கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். ஏன் போனான் என்று என்னைக் கேட்காதீர்கள். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முடிவு ஒன்று: லூர்துராஜ் மூச்சு விடாமல் பாடி முடிக்கிறான். (சுத்தப் புளுகு.)

முடிவு இரண்டு: உத்திராபதி மேடைமேல் பாய்ந்து குச்சியைப் பிடுங்கி… (போதும், சினிமா.)

என்னால் எழுத முடிந்தது இதுவரைதான். நீளமான வரி வந்தது. லூர்துராஜின் தோள் உயர்ந்தது. புது ஆள் சொன்ன அளவுக்கு அடித்துக்கொண்டு போனான். பாட்டு அறுந்து, மைக்கில் இரைப்பு மட்டும் ஊருக்கே கேட்டது. எவனோ விசிலடித்தான். பிறகு நாலா பக்கமும் விசில். ஒருநாளும் திரும்பாத லூர்துராஜ் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே வேறு முகம்.

கீழே உத்திராபதியின் விரல்கள் தன் தொடையில் அந்த உருட்டை அடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வரி எனக்கு வரவில்லை. இடம் விட்டிருக்கிறேன். யாராவது சீக்கிரம் நிரப்புங்கள், ஐயா. லூர்துராஜ் இன்னும் திரும்பியபடியே நிற்கிறான்.

(                                        )