நன்றிக் கடிதத்தின் இரண்டாம் தாள்

கொனோமி பள்ளிச் சேர்க்கை நேர்காணலில் உண்மையைப் பேசித் தொலைத்துவிட்டாள். பதினான்கு மாதம் பயிற்சி வகுப்புக்கு அனுப்பி, உட்காரவும் எழவும் குனிந்து வணங்கவும் பழக்கி, கருநீல உடுப்பு மாட்டி அழைத்துப்போன பிறகு இந்தக் கூத்து. “மூத்த பையன் எப்படி இருக்கார்?” என்று துணைத் தலைமையாசிரியை குராமோச்சி கேட்டதும், தாய் சயோகோ பேசிவைத்திருந்தபடியே, “அவனுக்கு மலைக்காத்து நல்லதுன்னு நகானோவுல சித்தப்பா வீட்டுல இருக்கான்ங்க” என்றாள்.

“இல்லையேம்மா, அண்ணா ரூம்லதானே இருக்கான்? நான்தானே தினம் சாப்பாட்டுத் தட்டு வைக்கிறேன்?” என்றது பிள்ளை.

குராமோச்சி அம்மையார் புன்னகைத்தார். எதையோ குறித்துக்கொண்டார். அந்தப் புன்னகைக்குப் பதில் ரெண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சயோகோவுக்கு.

ரயில் நிலையம் வந்ததும் கணவன் கென்சாகு வெடித்தான். “பதினாலு மாசம்! எல்லாம் ஆத்துல கரைச்ச புளி.”

“புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. பொய் சொன்னது நாம.”

“பொய் சொல்லலாம்னு சொன்னது யாரு?”

பதிலுக்கு நிற்காமல் அலுவலகத்துக்கு ரயிலேறிவிட்டான். மனிதனுக்கு ஓடி ஒளிய ஓர் அலுவலகமாவது இருந்தது.

இந்த இடம் கிடைக்காவிட்டால் ஏப்ரலில் கொனோமி தெருமுனைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். மூத்தவன் தோமொயா படித்த அதே பள்ளி. ஐந்தாம் வகுப்பில் ஒரு காலையில் அவன் மேசைமேல் வெள்ளைச் செவ்வந்தி ஜாடி இருந்தது, செத்தவனுக்கு வைப்பதுபோல. வகுப்பே எழுந்து நின்று அவனைக் கும்பிட்டது. ஆசிரியரும் சிரித்தார். அன்று மதியம் வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தியவன்தான். இப்போது பதின்மூன்று வயது, இன்னும் வெளியே வரவில்லை. இவளையும் அந்த வாசலுக்குள் அனுப்புவதா?

வீட்டுக்கு வந்ததும் பயிற்சி வகுப்பு ஆசிரியை ஹயாசேவுக்குப் போன் போட்டாள். நடந்ததைக் கேட்டு ஹயாசே பெருமூச்சு விட்டாள்.

“சரி, நன்றிக் கடிதத்தையாவது ஒழுங்கா எழுதுங்க. மூணே வரி. சாக்குப்போக்கு வேண்டாம், பையனைப் பத்தி ஒரு எழுத்து வரக் கூடாது. மைப் பேனாவுல எழுதணும். சாயங்காலத்துக்குள்ள தபால்ல சேர்த்துடணும். ஒரு தாள்லயே முடிஞ்சிட்டா பின்னால ஒரு வெத்துத் தாளும் வச்சு மடிங்க. ஒத்தத் தாளை அனுப்பினா வெடுக்குன்னு இருக்கும்.”

“இதுக்கெல்லாம் மார்க் உண்டா, டீச்சர்?”

“நன்றி சொன்னதுக்கு மார்க் கிடையாதுங்க. சொல்லாத அம்மாவைத்தான் ஞாபகம் வச்சுக்குவாங்க.”

ஏழு தாள் பாழானது. எட்டாவது தாள் பிசகாமல் வந்தது. ‘தங்கள் பொன்னான நேரத்தை எங்களுக்காக ஒதுக்கியமைக்கு’ என்று தொடங்கி, மூன்று வரியில் முடித்து, மை காயட்டும் என்று ஓரமாக வைத்தாள். அந்த மூன்று வரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு அழகான, எவ்வளவு வெட்கங்கெட்ட நன்றி!

பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, அதே கடிதப் புத்தகத்தின் அடுத்த தாளில் அழுத்தி எழுதினாள். ‘எனக்கு நன்றியும் இல்லை, மண்ணும் இல்லை. என் மகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவனோடு என் வாழ்க்கை முடிந்துவிட்டது. தோமொயா பிறக்காமலே இருந்திருந்தால் இவளை நிம்மதியாக வளர்த்திருப்பேன்.’ எழுதி முடித்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அதைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். மனசு லேசானது. புத்தகத்தில் மேலே இருந்த வெற்றுத் தாளைக் கிழித்து, காய்ந்த கடிதத்துக்குப் பின்னால் முறைப்படி வைத்து மடித்து, உறையிலிட்டுத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் மீன் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால், மேசைமேல் கடிதப் புத்தகம் விரிந்து கிடக்கிறது. கொனோமியின் விரலெல்லாம் பென்சில் கரி.

“அம்மா, மந்திரம் பாரு! மழை மேகம் வரையலாம்னு பென்சிலைப் படுக்க வச்சுத் தேச்சேனா, வெள்ளை வெள்ளையா எழுத்து வந்துச்சு. கஷ்டமான எழுத்தெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியல. அதான் அந்தத் தாளைக் கிழிச்சு அண்ணா கதவுக்கு அடியில தள்ளி, படிச்சுச் சொல்லுன்னேன்.”

மீன் பொட்டலம் கையிலிருந்து நழுவியது.

“என்ன சொன்னான்?”

“அம்மா கையெழுத்து ரொம்ப அழகுன்னான்.”

ஐயோ! பேனா பதித்த தடம் இரண்டாம் தாள்வரை இறங்கியிருக்கிறது. அப்படியானால் முதல் தாள்? இன்னும் ஆழமாகப் பதிந்த அந்தத் தாள் பள்ளிக்கல்லவா போய்விட்டது! குராமோச்சி அம்மையார் அதை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடித்தால் போதும். சயோகோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மகன் படித்துவிட்டான் என்பதைவிடப் பள்ளிக்காரி படித்துவிடுவாளே என்ற பயம்தான் முதலில் வந்தது. அதை உணர்ந்தபோது தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

நான்கு நாள் போயின. தினமும் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு மூன்று வரி எழுத ஏழு தாள் பாழாக்கியவளுக்கு, மகனிடம் சொல்ல அரை வரி வாயில் வரவில்லை. உள்ளே போன சோறு பாதிக்கும் மேல் திரும்பி வந்தது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு முடிவு வந்தது. போன் திரையில், தேறியவர் பட்டியலில், கொனோமியின் நூற்றுப் பதினேழாம் எண் இருந்தது. மூன்று முறை பார்த்தாள், இருந்தது. அலுவலகத்திலிருந்து கென்சாகு கூப்பிட்டுக் குழந்தைபோல் அழுதான். அந்த வெற்றுத் தாளைப் பள்ளியில் யாரும் சீந்தக்கூட இல்லை. முறைக்கு வைத்த தாளை யார் சாய்த்துப் பார்க்கப்போகிறார்கள்? உலகத்திலேயே அதைப் படித்தவன் ஒருவன்தான், அவனும் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

கதவருகே போய் நின்றாள். “தோமொயா, பாப்பாவுக்கு இடம் கிடைச்சிருச்சுடா.”

உள்ளிருந்து குரல் வந்தது. உடைந்து தடித்துப்போன, அவளுக்குப் பழக்கமில்லாத குரல். எப்போதும் ‘நீ’ என்பவன், வாசலுக்கு வந்த அயலாரிடம் பேசுவதுபோலப் பணிவாகப் பேசினான்.

“ரொம்ப சந்தோஷங்க. இனி சேர்க்கைப் படிவம் வரும். வீட்டுல எத்தனை பேருன்னு கேப்பாங்க. மூணுன்னே எழுதிடுங்க. எனக்கு வருத்தமில்லை.”

அவள் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். “நாலுடா! நாலு பேருடா, என் ராசா! நாலு!”

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கொனோமி பயந்துபோய் ஓடிவந்து அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். சயோகோ கை சிவக்கும்வரை அறைந்துகொண்டே இருந்தாள்.