முழங்கையில் இடது கை

என் வீட்டுக்காரர் சிவநாதன் ஒரே கல்லூரியில் இரண்டு விளையாட்டுக்குக் கோச். வெயில் காலத்தில் கால்பந்து. மழை பிடித்துவிட்டால் எங்கள் பேட்டையான தாகேதாவின் மைதானத்தில் வாத்துதான் நீந்தும். அப்போது அதே பசங்களைக் கூரைக்கு அடியில் கூட்டிப்போய்க் கூடைப்பந்து. கால்பந்தில் கோப்பைகூட வாங்கியிருக்கிறார். கூடைப்பந்துக் கதையைக் கேட்காதீர்கள், எனக்கு எரிச்சல் வரும்.

எல்லாம் இந்தப் பசங்களின் மரியாதையால் வந்த வினை. இங்கே பர்மாவில் மூத்தவர்களுக்கு எதைக் கொடுத்தாலும், அவர்களிடம் எதை வாங்கினாலும், இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டுதான் செய்வோம். காலால் பந்தைத் தட்டிப் பறிக்கச் சொன்னால் பசங்கள் ஜோராகப் பறிப்பார்கள். கையில் இருப்பதைப் பிடுங்கச் சொன்னால் போச்சு. எதிராளி ஒரு வயது மூத்தவனாக இருந்தாலும் 'ஆனாடே' வந்துவிடும். கூச்சமும் தாட்சண்யமும் கலந்த அந்தப் பர்மியச் சொல்லுக்கு நான் வைத்த பெயர் தண்டம். போன மழைக்கு, கணேஷ்குமார் என்ற பையன் முழங்கையைத் தொட்டுக்கொண்டே எதிராளியிடம் பந்தை வாங்கப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அவன் கொடுக்கவில்லை.

கோச் மட்டும் என்ன லேசுப்பட்டவரா? ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்காரக் கிடைத்த இடத்தை யாருக்காவது தானம் பண்ணிவிட்டு, பாலம் முழுக்கத் தொங்கிக்கொண்டு வருகிற மனிதர்.

இந்த வருடம் கல்லூரி முதல்வர் ஊ தெய்ன் சோ பொறுமையிழந்தார். கூடைப்பந்தில் ஓர் ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் இரண்டுக்குமே வேறு கோச் என்று முடிவு. அதைச் சொல்லத்தான் பல தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் தோசை சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமலே போனார். கடைசியில் போனில் சொன்னார். அன்றைக்கு இவர் சோற்றில் கை வைக்கவில்லை. விசில் ஊதத் தெரிந்ததைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர். அந்த விசிலையும் பிடுங்கிவிட்டால் உயிரோடு இருப்பாரா என்று பயமாக இருந்தது.

கடைசி ஆட்டம் அக்கரை தன்லியின் ஊர்க் கல்லூரியோடு. எல்லாம் மூத்த பசங்கள். பாதி ஆட்டத்தில் நாங்கள் நன்றாகப் பின்தங்கியிருந்தோம். பிடுங்குங்கப்பா, பிடுங்குங்கப்பா என்று இவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. இடைவேளையில், பார்க்க உட்கார்ந்திருந்த படியிலிருந்து இறங்கிப் போனேன். பசங்கள் பிளாஸ்டிக் பையில் கரும்புச்சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கணேஷ்குமார் கையிலிருந்ததைப் பிடுங்கி நானே குடித்தேன். அடுத்தவன் பையையும் பிடுங்கினேன். நான் அவர்களுடைய வாத்தியார் பெண்சாதி, அம்மாவுக்குச் சமம். கணேஷ்குமார் வேறொரு பையை எடுத்தான். அதையும் பிடுங்கியதும் அவனுக்குத் தாகம் தலைக்கேறியது. வெடுக்கென்று என் கையிலிருந்து பறித்துவிட்டான். பறித்த பிறகு பையை என்னிடமே திருப்பி நீட்டினான்.

"பறிச்சிட்டியா? எங்கிட்டயே பறிச்சாச்சு," என்றேன். "எதிர்ல ஆடுறவன் என்ன, என்னைவிட மூத்தவனா?"

அதற்கப்புறம் பாருங்கள் ஆட்டத்தை. பறித்தார்கள். பறித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினார்கள், அது வேறு விஷயம். ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் ஜெயித்தோம். இவர் தரையில் உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

சாயந்திரம் முதல்வர் வீட்டுக்கு வந்தார். அடுத்த வருடமும் சிவநாதன்தான் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். தோசை வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, இன்றைக்குப் பசங்களைப் பார்த்ததில் தனக்கும் தைரியம் வந்திருக்கிறது, ஆனாடே இல்லாமல் ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன். 'டோ' என்று அம்மா போட்டு, மரியாதையாகத்தான் என் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார்.

"டோ கலைமணி, உங்க சாம்பார்ல உப்பு ஜாஸ்தி. என்னிக்குமே ஜாஸ்திதான்."

இவர் கூரையைப் பார்த்தார். நான் முதல்வர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டேன். வயதில் மூத்தவர் அல்லவா, இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டுதான் பிடுங்கினேன்.